பால் இன்று, டிஆர்சி நாளை: ரப்பர் கொள்முதல் மென்பொருள் ஒன்றின் ஃப்ரண்ட் எண்டை உள் சேவைகளோடு இணைத்த விவரம்

குலசேகரம், அருமனை, களியல், பத்துகாணி என்று குமரி மாவட்டத்தின் மேற்கு மலையோரம் முழுக்க ரப்பர் மரங்கள்தான். அங்கே சிறு தோட்டக்காரர்களிடம் ரப்பர் பாலும், அதை உறையவைத்துக் காயவைத்த சீட்டும், மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலும் வாங்கும் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு எங்கள் குழு செய்து கொடுத்த வேலை இது. பெயர் வேண்டாம். மலையோர ஊர்களில் கொள்முதல் மையங்கள், மார்த்தாண்டம் பக்கம் தலைமை அலுவலகம், அதை ஒட்டி ஒரு லேப். கொள்முதல், லேப் முடிவு, தினசரி விலை, பால் கொடுப்பவர்களின் விவரம் எல்லாவற்றுக்கும் ஜாவாவில் எழுதிய தனித்தனி சேவைகள். கணக்குக்கு டேலி. இவை எல்லாம் வருடக்கணக்காக ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருந்தன. கெட்டுப்போனது திரை, அதாவது ஃப்ரண்ட் எண்ட், மட்டும்தான்.

பழைய திரைகள் அடோபியின் ஃப்ளெக்ஸில் செய்தவை. பிரவுசருக்குள் டெஸ்க்டாப் மென்பொருள் போல வேலை செய்யும் திரை வேண்டுமென்றால் ஒரு காலத்தில் பலரும் எடுத்தது அதைத்தான். கட்டம் கட்டமாகப் பட்டியல் வரும், அதற்குள்ளேயே திருத்தலாம், பக்கம் முழுவதும் மறுபடி லோட் ஆக வேண்டியதில்லை. பின்னாலிருக்கும் ஜாவா ஆப்ஜெக்டுகளை பிளேஸ்டிஎஸ் என்ற சர்வர் பகுதி, ஏஎம்எஃப் என்ற பைனரி வடிவில் திரைக்கு அனுப்பிவிடும். 2011 நவம்பரில் ஃப்ளெக்ஸை அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுப்பதாக அடோபி அறிவித்தது. ஃப்ளெக்ஸ் திரைகள் பிரவுசரில் ஓட ஃப்ளாஷ் பிளேயர் வேண்டும். 2020 டிசம்பர் 31-உடன் அதற்கான ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே ஃப்ளாஷ் உள்ளடக்கத்தை ஓடவிடாமல் தடுத்தது. நிறுவனம் பழைய பிரவுசரும் பழைய பிளேயரும் உள்ள சில கம்ப்யூட்டர்களை வேறெதற்கும் தொடாமல் பாதுகாத்து, அவற்றை வைத்தே சமாளித்துக்கொண்டிருந்தது. அவற்றில் ஒன்று பழுதானால் அந்த மையம் நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

எங்களிடம் கேட்டது, இந்தத் திரைகளை ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் திரும்ப எழுதித் தரச் சொல்லி. திரை எழுதுவது பெரிய காரியம் இல்லை. அது பின்னாலிருக்கும் சேவைகளோடு எப்படிப் பேச வேண்டும் என்பதில்தான் முழு உழைப்பும் போனது. அதைச் சொல்ல, ரப்பர் பால் எப்படிக் கைமாறுகிறது என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

ஒரு கேன் பாலின் கணக்கு

விடியும் முன்பே மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வெட்டு நடக்கும். சிரட்டையிலோ பிளாஸ்டிக் கப்பிலோ வடிந்த பாலைச் சேர்த்துக் கேனில் ஊற்றி, கெட்டியாகாமல் இருக்க அமோனியா கலந்து மையத்துக்குக் கொண்டுவருவார்கள். அங்கே எடை போடுவார்கள். ஆனால் பாலின் எடைக்குக் காசு கிடையாது. அதில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்பதற்குத்தான் காசு. அந்த உலர் ரப்பர் சதவீதம்தான் டிஆர்சி. பெரும்பாலும் 30-இலிருந்து 40-க்குள் இருக்கும். மரம், பருவம், மழை எல்லாவற்றையும் பொறுத்து மாறும். கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தாலும் இறங்கிவிடும்.

மையத்தில் மெட்ரோலாக் என்ற கண்ணாடி மிதவையைப் பாலில் விட்டு உடனே ஒரு உத்தேச மதிப்பு பார்க்கலாம். சரியான மதிப்பு லேபில்தான் தெரியும். மாதிரி எடுத்து, அமிலம் விட்டு உறையவைத்து, மெல்லியதாக அழுத்திக் கழுவி, அடுப்பில் காயவைத்து, மிஞ்சிய ரப்பரை எடை போட வேண்டும். முடிவு மறுநாள்தான் கைக்கு வரும்.

100 கிலோ பால், டிஆர்சி 35 என்றால் 35 கிலோ உலர் ரப்பர். அந்த 35 கிலோவுக்கு விலை. மெட்ரோலாக் 37 காட்டி, லேப் 35 என்று சொன்னால் 2 கிலோ போய்விடும். கிலோ 180 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 360 ரூபாய். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது சின்னத் தொகை இல்லை.

அடுத்து, எந்த நாள் விலை? இந்த நிறுவனத்தின் வழக்கம், பால் கொடுத்த நாளின் விலை. கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ரப்பர் வாரியம் தினமும் விலை வெளியிடுகிறது. பாலுக்கு விலை போடும்போதும் ஆர்எஸ்எஸ் 4 என்ற தரத்துச் சீட்டின் விலையை வைத்தே பேச்சு தொடங்கும். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை கோட்டயத்தைப் போலவே திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி. ரப்பர் வியாபாரம் இன்றைக்கும் கோட்டயத்தைப் பார்த்தபடிதான் நடக்கிறது.

ஆக ஒரு கொள்முதல் என்பது ஒரே நொடியில் முடிகிற காரியம் இல்லை. எடை இன்று, டிஆர்சி நாளை, விலை பால் கொடுத்த நாளுடையது, பணம் அதற்கும் அப்புறம். கொள்முதல் சேவைக்கு எடை தெரியும், லேப் சேவைக்கு டிஆர்சி தெரியும், விலைச் சேவைக்கு விலை தெரியும். இந்த நான்கு கட்டமும் ஒரே ஆளுக்கான ஒரே வேலை என்பது அந்தச் சேவைகளில் எதற்கும் தெரியாது. அது தெரிந்த ஒரே இடம் பழைய ஃப்ளெக்ஸ் திரை. சிக்கலே அங்கேதான் இருந்தது.

திரை எல்லாச் சேவைகளோடும் நேராகப் பேசலாமா

நிறுவனத்தின் பக்கமிருந்து வந்த முதல் யோசனை இதுதான்: ஒவ்வொரு ஜாவா சேவைக்கும் வெளியிலிருந்து கேட்டுப் பெறும் வாசலாக ஒரு ரெஸ்ட் ஏபிஐ போட்டுவிடுவோம், பிரவுசர் தேவையானதைத் தானே கூப்பிட்டுக்கொள்ளட்டும். வேலை குறைவு, புதிதாக ஒரு சர்வர் வேண்டாம். கேட்க நன்றாக இருக்கும். நான் இதை ஒத்துக்கொள்ளவில்லை, இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒன்று, ஆப்ஜெக்டுகளின் பருமன். ஏஎம்எஃப் காலத்தில் சப்ளையர் என்று கேட்டால் சப்ளையர் ஆப்ஜெக்ட் முழுவதும் வரும்: பெயர், ஊர், வங்கிக் கணக்கு எண், முன்பணப் பாக்கி, எல்லாமே. திரை அதில் பெயரை மட்டும் காட்டும். அதே ஜாவா கிளாஸை அப்படியே ஜேசன் என்ற எழுத்து வடிவாக மாற்றி அனுப்பினால், எடை போடும் மையத்தில் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து பார்க்கிற யாருக்கும் ஊர்க்காரர்கள் எல்லோருடைய வங்கிக் கணக்கும் தெரியும். திரையில் காட்டாமல் விடுவது பாதுகாப்பு ஆகாது.

இரண்டு, நெட்வொர்க். காலை நேரக் கொள்முதல் திரை நிரம்புவதற்கு சப்ளையர், கேன் வகை, இன்றைய விலை, நேற்றைய லேப் முடிவுகள், பாக்கி என்று பல இடங்களிலிருந்து தகவல் வேண்டும். தலைமை அலுவலகத்துக்குள் ஒரு சர்வர் இன்னொரு சர்வரைக் கூப்பிட மில்லிசெகண்டுகள் போதும். பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள மையத்திலிருந்து மொபைல் டேட்டாவில் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டால், வரிசையில் நிற்பவர் கேனை இறக்கி வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். திரை எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கினால், பெருக்கிக் கூட்டிக் கழிப்பதும் திரையிலேயே நடக்கும். ஒருவருக்குச் சேர வேண்டிய பணத்தை பிரவுசரில் கணக்கிடக் கூடாது. அங்கே கணக்கிட்டுக் காட்டலாம், அது உதவி. ஆனால் பில்லில் ஏறும் தொகை சர்வரில் முடிவாக வேண்டும்.

ஒரு முகவரியிலிருந்து வந்த பக்கம் வேறு முகவரியின் பதிலைப் படிக்கவிடாத பிரவுசரின் சேம் ஆரிஜின் கட்டுப்பாட்டைச் சமாளிக்க உள் சேவைகள் ஒவ்வொன்றிலும் கார்ஸ் என்ற அனுமதி ஹெடர் திறந்துவிட வேண்டி வரும் என்பதும் கணக்கில் இருந்தது. எங்கும் போகாமல் உள்ளேயே இருந்த சேவைகள் அவை. அவற்றை வெளி உலகத்துக்குப் பழக்க வேண்டிய தேவை இல்லை.

எனவே நடுவில் ஒரு சேவை வைத்தோம். இந்தத் தொழிலில் இதை பேக் எண்ட் ஃபார் ஃப்ரண்ட் எண்ட், சுருக்கமாக பிஎஃப்எஃப் என்பார்கள். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் முன்னால் நிற்கிறது. ஒரே முகவரியில் திரையின் கோப்புகளும் வருகின்றன, ஏபிஐயும் வருகிறது. அதனால் கார்ஸ் என்ற பேச்சே எழவில்லை. ஜாவா சேவைகளும் டேலியும் அதற்குப் பின்னால், அலுவலக நெட்வொர்க்குக்குள் மட்டும்.

அந்த நடுச் சேவையில் டேபிள் பெயர்களையோ பழைய கிளாஸ் பெயர்களையோ வைக்கவில்லை. மையத்தில் நடக்கும் வேலையின் பெயரையே வைத்தோம்: பால் பெற்றது, லேப் முடிவு வந்தது, விலை முடிவானது, பணம் கொடுத்தது. ஒரு கொள்முதலைத் திறந்தால் பதில் ஒரே தடவையில் இப்படி வரும்: மொத்த எடை, கேன் எடை, பாலின் எடை, மெட்ரோலாக் மதிப்பு, லேப் மதிப்பு இன்னும் காலி, நிலை ‘லேப் முடிவுக்குக் காத்திருக்கிறது’, இந்த நிலையில் அனுமதிக்கப்பட்ட செயல்கள் ‘எடை திருத்தலாம், ரத்து செய்யலாம்’. கடைசியில் உள்ள செயல் பட்டியலைப் பார்த்துத்தான் திரை பட்டனைக் காட்டும். பணம் கொடுக்கும் பட்டன் எப்போது வர வேண்டும் என்ற விதி ரியாக்ட் கோடில் எங்கும் கிடையாது. லேப் முடிவு வந்தபின் எடையைத் திருத்த மேலாளர் அனுமதி வேண்டும் என்று பிற்பாடு விதியை மாற்றினார்கள். சர்வரில் ஓர் இடத்தில் மாற்றினோம், மையங்களில் யாரும் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

சுற்றிக்கொண்டே நிற்கும் பட்டன்

இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மழை நாளில் மலையோரத்தில் கரண்டும் நெட்வொர்க்கும் போய்ப்போய் வரும். பால் அதற்காகக் காத்திருக்காது.

மையத்தில் எடை போடும் அக்கா ஒருவர் சோதனை ஓட்டத்தின்போது என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: “தம்பி, அமுக்கினேன், சுத்திக்கிட்டே நிக்குது. இன்னொருக்கா அமுக்கட்டா?”

இந்தக் கேள்விக்கு மென்பொருள் செய்கிறவர் யோசிக்காமல் “தாராளமா அமுக்குங்க அக்கா” என்று சொல்ல முடிய வேண்டும். முடியவில்லை என்றால் அந்த இணைப்பு இன்னும் தயாராகவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஏனென்றால் பட்டன் சுற்றும்போது நடந்திருக்கக்கூடியவை மூன்று. தகவல் சர்வருக்குப் போகவே இல்லை. போய்ச் சேர்ந்து, வேலை பாதியில் நிற்கிறது. அல்லது வேலை முழுவதும் முடிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்துவிட்டது. திரையிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். மூன்றாவது வகையில் இன்னொரு தடவை அமுக்கினால் ஒரே கேன் பாலுக்கு இரண்டு பில்.

அமுக்கியதும் பட்டனைச் செயலிழக்கச் செய்வது பலரும் செய்வது. அது இரட்டை கிளிக்கை மட்டும் தடுக்கும். பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தாலோ, கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி வந்தாலோ உதவாது.

நாங்கள் செய்தது: புதிய கொள்முதல் படிவம் திறக்கும் அந்தக் கணத்திலேயே அதற்கு ஒரு யுயுஐடி எண், அதாவது வேறெதற்கும் வராத தனி அடையாளம், போடப்படும். சேமிக்கும் பட்டனை அமுக்கும்போது போட்டால் ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு புது எண் வந்து நோக்கமே கெட்டுவிடும். அந்த எண்ணும் படிவத்தில் எழுதியவையும் பிரவுசருக்குள்ளேயே உள்ள இன்டெக்ஸ்ட் டிபி என்ற சேமிப்பில் உடனுக்குடன் பதியும். சர்வரில் அந்த எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு, அதாவது ஒரே எண் இரண்டு முறை பதியாது. அதே எண் மறுபடி வந்தால் புதிதாக எதையும் எழுதாமல், முதல் தடவை கொடுத்த பதிலையே திருப்பிக் கொடுக்கும். அதே எண்ணோடு வேறு எடை வந்தால் ஏற்காமல், என்ன முரண் என்று சொல்லி நிறுத்தும். கரண்ட் போய் வந்தபின் திரையைத் திறந்தால், பதில் வராத படிவங்கள் மேலே வரிசையாக நிற்கும். இணைப்பு வந்ததும் தானே போகும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு, இதே வேலையைச் செய்பவர்களுக்கு உதவும். யுயுஐடி தயாரிக்க பிரவுசரிலேயே உள்ள ரேண்டம்யுயுஐடி, பாதுகாப்பான சூழலில், அதாவது எச்டிடிபிஎஸ் முகவரியில்தான் கிடைக்கும். இணைப்பு இல்லாதபோதும் திரை திறக்க உதவும் சர்வீஸ் வொர்க்கரும் அப்படியே. டெவலப்பர் கம்ப்யூட்டரில் லோக்கல்ஹோஸ்ட் என்பதால் எல்லாம் வேலை செய்யும். அலுவலகத்துக்குள் வெறும் ஐபி எண்ணில் எச்டிடிபி வழியாகத் திறந்தால் அந்த ஃபங்ஷனே இருக்காது. “உள் நெட்வொர்க்தானே, சான்றிதழ் எதற்கு” என்ற கேள்விக்கு இதுவே போதுமான பதில். நிறுவனத்தின் டொமைனில் ஒரு துணைப் பெயர் எடுத்து, இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டின் டிஎன்எஸ் சரிபார்ப்பு முறையில் சான்றிதழ் வாங்கினோம். அந்த முறையில் சர்வர் வெளி இணையத்துக்குத் திறந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

லாகின் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே வந்தவர் யார் என்று காட்டும் டோக்கனை பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் வைக்கவில்லை. பக்கத்தின் ஸ்கிரிப்ட் படிக்க முடியாத எச்டிடிபிஒன்லி, வேறு தளத்துக் கோரிக்கையோடு போவதைக் கட்டுப்படுத்தும் சேம்சைட் குக்கீ மட்டும். உள் சேவைகளுக்கான கடவுச்சொற்கள் நடுச் சேவையைத் தாண்டி வருவதில்லை.

எண்ணும் தேதியும்

பழைய ஜாவா சேவையில் பில் எண் 18 இலக்கம்: மையக் குறியீடு, தேதி, வரிசை எண் எல்லாம் ஒட்டி ஒரு லாங் எண். ஜாவாவில் இது சரி. ஜாவாஸ்கிரிப்டில் வழக்கமான எண்கள் எல்லாம் டபுள் என்ற தசம எண் வகை. 9007199254740991 வரைதான் முழு எண்கள் பிசகாமல் நிற்கும். அது 16 இலக்கம். 18 இலக்க எண்ணை ஜேசனில் எண்ணாகவே அனுப்பினால் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறி, அடுத்தவர் பில் எண் ஆகிவிடலாம். எரர் எதுவும் வராது. எனவே பில் எண்கள் எல்லாம் எழுத்தாகவே போகின்றன. பணமும் எடையும் அப்படியே: சர்வரில் தசமம் பிசகாத பிக் டெசிமல், வழியில் எழுத்து, திரையில் காட்டுவதற்கு மட்டும் வடிவம்.

தேதி இன்னும் நுணுக்கமானது. திரையில் ஜூன் 5 என்று தேர்ந்தெடுத்தால், ஜாவாஸ்கிரிப்டில் அது பெரும்பாலும் நம் நேரப்படி ஜூன் 5 நள்ளிரவு 12 மணி என்று நிற்கும். அதை வழக்கமான ஐஎஸ்ஓ வடிவத்துக்கு மாற்றினால் யுடிசி என்ற உலகப் பொது நேரமாகி, ஜூன் 4 மாலை 6.30 என்று சர்வருக்குப் போகும். நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் வருகிற விளைவு. வேறு தொழிலில் அறிக்கையில் ஒரு நாள் தள்ளித் தெரியும், அவ்வளவுதான். இங்கே விலையே அந்தத் தேதியைப் பிடித்துத்தான் வருகிறது. விலை இறங்கிய நாளில் கொடுத்தவருக்கு முந்தைய நாள் விலையும், ஏறிய நாளில் கொடுத்தவருக்குக் குறைந்த விலையும் போய்விடும். ‘விலை நாள்’ என்ற புலத்தில் நேரமே கிடையாது. வருடம், மாதம், நாள் மட்டும் கொண்ட எழுத்து. சர்வரில் நேரமில்லாத லோக்கல் டேட் வகை. இரண்டுக்கும் நடுவில் நேர மண்டலம் நுழைய வழி வைக்கவில்லை.

டேலியோடு பேசுவது

டேலியை எச்டிடிபி வழியாக எக்ஸ்எம்எல் வாங்கும் சர்வராக ஓடவிடலாம். வழக்கமாக 9000-ஆவது போர்ட். கணக்குப் பதிவான வவுச்சரை எக்ஸ்எம்எல்லாக அனுப்பினால் பதிந்துகொள்ளும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் டேலி திறந்திருக்க வேண்டும், உரிய கம்பெனியும் திறந்திருக்க வேண்டும். கணக்குப் பிரிவில் ஒருவர் டேலியை மூடிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போவது தவறே இல்லை. அதனால் களியலில் பால் எடை போடுவது நின்றுவிடக் கூடாது.

எனவே கொள்முதல் பதிவதையும் டேலியில் ஏற்றுவதையும் பிரித்துவிட்டோம். விலை முடிவானதும், அதே டேட்டாபேஸ் பரிவர்த்தனைக்குள், ‘டேலிக்கு அனுப்ப வேண்டியவை’ என்ற டேபிளில் ஒரு வரி விழும். தனியாக ஓடும் ஒரு சிறு புரோகிராம் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பும். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் அனுப்பாது. பதில் எச்டிடிபி 200 என்று வந்துவிட்டதாலேயே வவுச்சர் ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பதிலுக்குள் எத்தனை உருவானது, எத்தனை மாறியது, எத்தனை எரர் என்று எண்ணிக்கை இருக்கும். லெட்ஜர், அதாவது கணக்குத் தலைப்பு, பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் எரர் அங்கேதான் தெரியும். உருவானது 1, எரர் 0 என்று இருந்தால்தான் வரி முடிந்ததாகக் குறிக்கப்படும். இல்லையென்றால் டேலி சொன்ன காரணம் கணக்குப் பிரிவின் திரையில் அப்படியே வரும், அவர்களே லெட்ஜரைத் திருத்திவிட்டு மறுபடி அனுப்பலாம். பதில் வராமல் போனவற்றுக்கு, மறுபடி அனுப்பும் முன் எங்கள் கொள்முதல் எண்ணை வைத்து டேலியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பார்த்துக்கொள்ளும்.

பழைய திரைக்குள் கிடந்த விதிகள்

மையம் மையமாகத்தான் மாற்றினோம். பழைய திரையும் புதுத் திரையும் சில காலம் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. ஒரே கேனுக்கு இரண்டிலும் கணக்குப் போட்டு ஒப்பிட்டபோது சில பில்களில் சில்லறை வித்தியாசம் வந்தது. ஜாவா சேவைகளில் தேடினால் காரணம் இல்லை. ஃப்ளெக்ஸின் ஆக்ஷன்ஸ்கிரிப்ட் கோடைப் படித்தபோது கிடைத்தது: உலர் எடையைத் திரையே 100 கிராமுக்குக் கீழ்நோக்கி முழுமையாக்கிவிட்டு, முழுமையாக்கிய எடையை மட்டும் சேவைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 34.98 கிலோ வந்தால் 34.9. கேன் எடையும் கேன் வகையைப் பொறுத்துத் திரைக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. இப்போது மையங்களில் புழங்கும் கேன்கள் சில அந்தப் பட்டியலில் இல்லை.

நிறுவன உரிமையாளருக்கே இந்த விதி தெரியாது. எழுதியவர்கள் அப்போதைய தராசுக்கு ஏற்ப எழுதியிருக்கலாம். நாங்களாக ஒரு முடிவெடுக்காமல், இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு அவர் முன் வைத்தோம். அவர் பார்த்துவிட்டு, “எடை எவ்வளவு காட்டுதோ அதையே எடுங்க, வெட்டாதீங்க” என்றார். இப்போது இரண்டு தசம இடம் வரை அப்படியே எடுக்கப்படுகிறது. விதி சர்வரில் இருக்கிறது, அதற்குச் சோதனைகளும் இருக்கின்றன. கேன் எடைகள் ஒரு டேபிளில், மேலாளர் திருத்தக்கூடிய இடத்தில்.

பழைய திரையை மாற்றும் வேலைக்கு விலை சொல்கிறவர்கள் எல்லோரும் இந்தப் பகுதிக்கு நேரம் ஒதுக்கிச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. சர்வர் கோடைப் படித்தால் தொழில் தெரிந்துவிடும் என்று நினைப்போம். பணக்கார வீட்டு வரவேற்பறை மாதிரி எல்லா வசதியும் கொண்ட திரைகள் புழங்கிய இடத்தில், தொழிலின் ஒரு பகுதி திரைக்குள்ளேயே குடிபோயிருக்கும்.

பிரின்ட் ஆகும் பில்லில் இப்போது மொத்த எடை, கேன் எடை, மெட்ரோலாக் மதிப்பு, லேப் மதிப்பு, விலை நாள், அன்றைய விலை ஒவ்வொன்றும் தனி வரி. தமிழில்தான் அச்சாகிறது. லேப் சேவையின் ஜாவா கோடில் நாங்கள் கை வைக்கவில்லை. அது முன்பு போலவே ஓடுகிறது. சீட்டு கொள்முதலில் ரகம் பிரித்து, கட்டு கட்டாக எடை போட வேண்டும். ஒட்டுப்பாலுக்கு டிஆர்சி பார்க்கும் முறையே வேறு. அந்த இரண்டு திரைகளும் இன்னும் பழைய கம்ப்யூட்டர்களில்தான் இருக்கின்றன. இலையுதிர்ந்து வெட்டு நிற்கும் மாதங்களில் மையங்களில் கூட்டம் குறையும். அப்போது சீட்டை முதலிலும், ஒட்டுப்பாலை அடுத்தும் மாற்றுவதாக முடிவாகியிருக்கிறது.